பண்பறிந்து பெயரிடுக!

வேதித்தல் என்னும் சொல்லுக்கு ஒன்றை வேறொன்றாக மாற்றுதல் என்பது பொருள். அவ்வொரு சொல்லிலேயே வேதியியல் என்னும் அறிவுத்துறையின் எல்லை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. இடத்தை அடைத்துக்கொண்டு நிறையுடையதாய் இருப்பது எதுவோ அது பருப்பொருள். அப் பருப்பொருள்களின் பண்புகள் யாவை, அவை எவற்றொடு கூடி எவ்வாறு மாறுகின்றன என்று ஆராய்வதே வேதியியல். இத்துணை எளிதாய்க் கண்முன்னே நிகழ்கின்ற ஓர் அறிவு, நம் பள்ளிகளில் நெட்டுருவுக்குரிய ஒரு சுமையாகிப் போயிற்றே, ஏன்?

இதற்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. துறையே கடினமானது என்பார் ஒரு சாரார். தமிழில் அதனைச் சொல்ல இயலாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் உண்மையல்ல. மாணவன் முன்னே வைக்கப்படும் சொல், அதற்குரிய பொருளின் பண்பைத் திறந்து காட்ட வேண்டும். திறவாத சொல்லை அவன் விழுங்குவானேயன்றிச் சுவைக்க மாட்டான். அயற்சொல் திறவாது என்பது நாம் ஓயாமற் கூறி வருவது. ஆயின், பண்பறியாமல் ஆக்கப்பட்ட தமிழ்ச் சொல்லும் திறவாது என்பதை நம்மவர் முகத்துக்கு அஞ்சாமற் கூறியாதல் வேண்டும். அதனைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

அடுக்களையும் உப்பளமும்

வேதியியலின் முதற்பாடத்துக்குத் தேவையான வினைச்சொற்கள் எவை? உருகுதல், உறைதல், கொதித்தல், ஆவியாதல், கரைதல், தெளிதல், வடிதல், எரிதல், புளித்தல், துருவேறுதல், களிம்பேறுதல், நீற்றுதல். இவற்றுள் எந்தச் சொல்லை நம் பிள்ளை பள்ளிக்கு வந்து கற்க வேண்டியுள்ளது? தாயின் அடுக்களையிலும் தந்தையின் பட்டறையிலும் அவன் முன்னரே கற்றவை அல்லவோ இவை? ஆசிரியன் செய்ய வேண்டுவது அச்சொற்களுக்கு அளவும் வரம்பும் வகுத்துத் தருவதே. உருகுதலுக்கு ஓர் அளவு உண்டு. வெள்ளீயம் 232 பாகையிலும், காரீயம் 327 பாகையிலும், பொன் 1064 பாகையிலும், இரும்பு 1538 பாகையிலும் உருகும். அவ்வளவே உருகுநிலை. உருகுநிலை, கொதிநிலை, உறைநிலை, கரைசல், கரைபொருள், கரைப்பான் என்னும் சொற்கள் பாடநூல்களில் பல்லாண்டுகளாய் வழங்குகின்றன. இவை கடினம் என்று எந்த மாணவனும் முறையிட்டதில்லை.

சுண்ணாம்பைப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்திற் சுடுகிறார்கள். தூய கல் 100 கிலோ இருந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பே மிஞ்சும். எஞ்சிய 44 கிலோ கண்ணுக்குத் தெரியாத வளியாய்ப் போய்விட்டது. சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டு நீற்றினால் அது கொதித்துப் பொரிந்து மாவாகின்றது. அம்மாவைக் கரைத்துச் சுவரில் பூசினால், முன்னே இழந்த அதே வளியைக் காற்றிலிருந்து மெல்லமெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகின்றது. சுடுதல், நீற்றுதல், இறுகுதல் என்னும் மூன்று தமிழ் வினைகளுக்குள் மூன்று வேதிமாற்றங்கள் அடங்கிவிட்டன! பனிக்கட்டி உருகி நீராவதும் மாற்றந்தான். ஆனால் அங்கே பொருள் மாறவில்லை, நிலையே மாறிற்று. சுண்ணாம்பிலோ பொருளே மாறிற்று. இவ்வேறுபாட்டை விளக்கக் காளவாய் ஒன்று போதாதா?

தூத்துக்குடியிலும், வேதாரணியம் என வழங்கும் திருமறைக்காட்டிலும் உப்பளத் தொழிலாளர் நாள்தோறும் செய்வதும் வேதியியலே. கடல்நீர் ஆயிரம் கிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. அவற்றுள் முக்காற் பங்குக்கு மேல் சோற்றுப்பு. வெயிலில் நீர் வற்ற வற்ற எல்லாம் ஒருங்கே படிவதில்லை. கரைதிறன் குறைந்த சுண்ணச் சேர்மங்கள் முதலிற் படியும். பின்னர்ச் சோற்றுப்பு படியும். மகனீசிய உப்புகள் கடைசிவரை நீரிலேயே தங்கும். அக் கைப்புநீரை உரிய வேளையில் வடித்துவிடாவிட்டால் உப்பு கைக்கும், ஈரமும் கசியும். ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து பிரிக்க அதன் பண்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்னும் பேருண்மையை, எழுத்தறியாத உழைப்பாளியும் தன் கைப்பழக்கத்தால் அறிந்திருக்கிறான்.

எடையும் நிறையும்

ஆங்கிலத்திற் படிக்கும் தொடக்க மாணவனும் இடறி விழும் இடம் ஒன்றுண்டு. ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு வேறு. அதனை நிலவுலகம் தன்பால் இழுக்கும் விசை வேறு. முன்னதை நிறை என்றும், பின்னதை எடை என்றும் நம் பாடநூல்கள் பிரித்துரைக்கின்றன. பழந்தமிழ் வழக்கில் இவ்விரு சொற்களும் ஒன்றற்கொன்று வந்தமை உண்மையே. ஆயினும் இவற்றின் வேர்களை ஆசிரியன் எடுத்துக் காட்டினால் வேறுபாடு தானே விளங்கும். எடுத்தல் என்னும் வினையிற் பிறந்தது எடை. எடுக்குங்கால் நாம் உணரும் சுமை அது. நிறைதல் என்னும் வினையிற் பிறந்தது நிறை. உள்ளே நிறைந்திருக்கும் பொருளின் அளவு அது. நிலவுக்குச் சென்றவன் ஒரு கல்லை எடுத்தால் சுமை ஆறிலொரு பங்காய்க் குறையும். கல்லினுள் நிறைந்திருப்பது அணுவளவும் குறையாது. இவ்வளவு தெளிவாகத் தம் வேறுபாட்டைத் தாமே சொல்லும் இரு சொற்கள் நம்மிடம் உள்ளன!

அடர்ந்திருப்பது அடர்த்தி. ஒரு கன சென்றிமீற்றர் நீர் ஒரு கிராம் என்றால், அதே அளவு இரும்பு ஏறத்தாழ 7.9 கிராம், காரீயம் 11.3, பாதரசம் என்று வழங்கும் இதள் 13.6, பொன் 19.3. ஆகவே இதளில் இட்டால் இரும்புக் குண்டு மிதக்கும், பொன் அமிழும். நீர் உறையும்போது பருமனில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகின்றது. அதனால்தான் பனிக்கட்டி நீரில் மிதக்கின்றது. குளிர்நாட்டு ஏரிகளில் மேற்பரப்பு உறைந்த பின்னும் அடியில் மீன்கள் பிழைத்திருக்கின்றன. இவற்றில் எந்த ஒன்றைச் சொல்லவாவது அயற்சொல் வேண்டியிருந்ததா?

பெயர் பிறந்த வரலாறு

இனி, தனிமங்களின் பெயர்களுக்கு வருவோம். 'ஆக்சிஜன் என்பது உலகப் பொதுப்பெயர், அறிவியற் பெயர், அதைத் தொடாதீர்' என்று நம்மை அச்சுறுத்துகிறார்கள். அப்பெயர் பிறந்த வரலாற்றை அவர்கள் ஒருமுறை படிக்கட்டும்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஐரோப்பிய வேதியியலில் பெயர்கள் பெருங்குழப்பமாய் இருந்தன. ஒரே பொருளுக்கு ஊருக்கொரு பெயர். எண்ணெயல்லாதவற்றுக்கு எண்ணெய் என்று பெயர், வெண்ணெயல்லாதவற்றுக்கு வெண்ணெய் என்று பெயர். இக் குழப்பத்தைத் தீர்க்க இலவாசியே முதலான பிரெஞ்சு அறிஞர் நால்வர் 1787-இல் வேதியியற் பெயரிடுமுறை பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். பொருளின் பண்பையோ சேர்க்கையையோ பெயரே சொல்ல வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கை வேதியியலுக்கே புத்துயிர் தந்தது.

அவ்வழியில், எரிதலுக்கும் மூச்சுக்கும் துணையாகும் வளிக்குக் 'காடியை உண்டாக்குவது' என்னும் பொருள்படக் கிரேக்க வேர்களிலிருந்து இலவாசியே ஆக்கிய பெயரே ஆக்சிஜன். அமிலம் எனப்படும் காடிகள் அனைத்திலும் அவ்வளி இருந்தே தீரும் என்று அவர் நம்பினார். ஆனால் உப்பிலிருந்து எடுக்கப்படும் காடியில் அது இல்லவே இல்லை, அதில் உள்ளவை ஹைட்ரஜனும் குளோரினுமே என்று 1810-இல் ஆங்கிலேயர் தேவி நிறுவினார். கொள்கை வீழ்ந்தது, பெயர் நிலைத்தது. ஆக, தொடவே கூடாது என்று இவர்கள் போற்றும் அறிவியற் பெயர், தவறான கொள்கையொன்றின் நினைவுச் சின்னம்! இலவாசியேவைக் குறைத்துச் சொல்வதன்று நம் கருத்து. துருவேறிய மாழையின் எடை கூடுவதேன் என்பதைத் துலாக்கோல் கொண்டு விளக்கிய பேரறிஞர் அவர். அத்தகையவரே பெயரிடுவதில் இடறினார் எனில், நாம் எத்துணை விழிப்பாய் இருத்தல் வேண்டும்!

மேலும், உலகப் பொதுப்பெயர் என்பது எங்கே உள்ளது? காற்றில் 78 விழுக்காடாக உள்ள வளியை ஆங்கிலேயர் நைட்ரஜன் என்கின்றனர். அடுத்த வீட்டாராகிய பிரெஞ்சுக்காரர் உயிரற்றது என்னும் பொருளில் இன்றும் அசோட்டு என்கின்றனர். செருமானியர் மூச்சுத்திணறச் செய்யும் பொருள் என்னும் கருத்தில் சிடிக்சுடாபு என்கின்றனர். மூவரும் எழுதும் குறியீடோ ஒன்றுதான். செருமானியரும் உருசியரும் தண்ணீரை உண்டாக்குவது, காடிக்குரியது என்னும் பொருள்களில் தத்தம் மொழிச் சொற்களாலேயே இவ்வளிகளை அழைக்கின்றனர். சப்பானில் உதகாவா யோவான் என்னும் அறிஞர் 1837-இல் வெளிவரத் தொடங்கிய தம் வேதியியல் நூலில் ஆக்கிய தனிமப் பெயர்களே இன்றும் அந்நாட்டுப் பள்ளிகளில் வழங்குகின்றன. சீனரோ தனிமம் ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்துப் பெயர் அமைத்துள்ளனர். இந்நாட்டார் எவரும் இதனால் வேதியியலிற் பின்தங்கிவிடவில்லை.

ஆங்கிலப் பிள்ளை ஐயன் என்று படித்துவிட்டு, இலத்தீன் பெயரிலிருந்து வந்த குறியீட்டை எழுதுகிறது. வெள்ளிக்கும் பொன்னுக்கும் காரீயத்துக்கும் அங்ஙனமே. பெயர் வேறு, குறியீடு வேறு என்பது அவர்க்கு இடராகவில்லை எனில், இரும்பு என்று படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் அஃது எவ்வாறு இடராகும்? குறியீடு உலகத்தார்க்குப் பொது. பெயர் அவரவர் மொழிக்கு உரியது.

நம் வீட்டுக் குறை

தமிழில் வேதியியல் நேற்றுப் பிறந்த ஆசையன்று. யாழ்ப்பாணத்தில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே பயிற்றிய அமெரிக்க மருத்துவர் கிரீன் அவர்களின் முயற்சியால் 1875-இலேயே 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் தமிழில் வெளிவந்தது. 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் உள்ளிட்டோர் அறிவியற் சொற்களுக்கென்றே ஒரு கழகம் கண்டு இதழும் நடத்தினர். விபுலானந்த அடிகள் முதலான அறிஞர்கள் கூடி உழைத்ததன் பயனாய் 1938-இல் கலைச்சொற்றொகுதி வெளிவந்தது. அன்றுமுதற் செய்யப்பட்ட பணியாலேயே தனிமம், சேர்மம், கலவை, கரைசல் என்பன இன்று நம் பிள்ளைகளின் நாவில் இயல்பாய்ப் புரள்கின்றன.

ஆனால் அப்பணி பாதிவழியில் நின்றுவிட்டது. கரிம வேதியியல் என்று ஒரு பிரிவுக்கே தமிழ்ப்பெயர் சூட்டிவிட்டு, உள்ளே புகுந்ததும் கார்பன், கார்பன் என்று எழுதுகிறார்கள். கரிமம் எனத் தலைப்பில் எழுதத் தெரிந்த கைக்கு அடுத்த வரியில் எழுத என்ன தடை? திண்மம் என்று தொடங்கிவிட்டு, அதற்கு இணையாகத் திரவம், வாயு என்கிறார்கள். திண்மை உடையது திண்மம், நீர்மை உடையது நீர்மம், வளியின் இயல்புடையது வளிமம் என்று மூன்றும் ஓரச்சில் வார்த்தாற்போல் நிற்கையில் அவ்வச்சை உடைப்பானேன்? நீரல்லாத இதளும் நீர்மமா என்று மாணவன் கேட்கட்டும். ஓடும் இயல்பும், கலத்தின் வடிவை ஏற்கும் இயல்புமே நீர்மை என்று ஆசிரியன் விளக்க அவ்வினாவே வாயிலாகும்.

அரசையும் பாடநூலாரையும் குறைகூறியதோடு நாம் கைகழுவ இயலாது. நம் அன்பர்கள் ஆளுக்கொரு பெயர் ஆக்கி, தத்தம் இதழில் எழுதி, பிறர் ஆக்கத்தை மதியாது போகின்றனர். ஆக்சிஜனுக்கு உயிர்வளி என்பர் சிலர். உயிரகம் என்பர் சிலர். தீயொடு சேர்த்துப் பெயரிட்டாரும் உளர். பிள்ளை எதைப் படிப்பது? எதை எழுதி மதிப்பெண் பெறுவது? மூன்று நல்ல பெயர்களைவிட ஒரு நிலைத்த பெயரே கல்விக்கு வேண்டுவது.

எது நிற்கத் தக்கது என்பதையும் வேதியியலே தீர்த்து வைக்கும். சுழியத்துக்குக் கீழ் 183 பாகை குளிர்வித்தால் அவ்வளி இளநீல நீர்மமாகின்றது. இன்னும் குளிர்வித்தால் திண்மமும் ஆகின்றது. அப்போது அதனை உயிர்வளி என்றால் 'நீர்மமான வளி' என்று முரண்பட நேரும். வளி என்பது ஒரு நிலை. தனிமத்தின் பெயரில் நிலையைப் புகுத்துதல் பிழை. உயிரகம் என்பதோ மூன்று நிலைக்கும் பொருந்தும். அங்ஙனமே ஹைட்ரஜனை நீர்வளி என்றால் நீராவியோ என்று மாணவன் மயங்குவான். நீரகம் என்றால் நீருக்கு அகமாய் நிற்பது என்று தெளிவான். வெடி என்னும் சொல்லடியாக நைட்ரஜனுக்குப் பெயர் கட்டினர். வெடியுப்பில் அஃது உள்ளது உண்மை. ஆயினும் தனித்து நிற்கையில் எதனோடும் எளிதிற் கூடாத சோம்பல் வளி அது. அப்பெயரைக் கேட்ட பிள்ளை, நாம் இழுக்கும் மூச்சில் ஐந்தில் நாலு பங்கு வெடிப்பொருளா என்று நடுங்காதா?

உழவன் இட்ட பெயர்

நைட்ரஜனுக்குப் பெயர் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று உரக்கடையில் நம் உழவன் கேட்கின்றான். நைட்ரஜனும் பாசுபரசும் பொட்டாசியமும் ஊட்டும் உரங்களையே அவன் குறிக்கின்றான். இலைதழை செழிக்க முதலாவது, மணி பிடிக்க இரண்டாவது, மரஞ்செடி எரித்த சாம்பலில் மிகுந்திருப்பது மூன்றாவது. பண்பறிந்து பெயரிடுதல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பொட்டாசியம் என்னும் ஆங்கிலப் பெயரை ஆராய்ந்தால் பானைச் சாம்பல் என்பதே அதன் வேர்ப்பொருள். சாம்பற் காரத்திலிருந்தே தேவி அதனை 1807-இற் பிரித்தெடுத்தார். ஐரோப்பிய அறிஞன் கண்டதையே தமிழ் உழவனும் கண்டு பெயரிட்டுள்ளான்! உழவன் சொல் உரத்தைக் குறிப்பது, தனிமத்தை அன்று என்னும் வேறுபாட்டை நாம் மறத்தல் கூடாது. ஆனால் அவ்வேரிலிருந்து தழைமம் என்று தனிமத்துக்குப் பெயர் கொள்வோமாயின், மாணவனின் பாடமும் தந்தையின் வயலும் ஒன்றாகும்.

ஆகவே, சொல்லாக்குவோர்க்கு நான்கு வரையறைகளை முன்வைக்கின்றேன். ஒன்று: பண்புகளுக்கும் வினைகளுக்கும் மக்கள் வழக்கிலுள்ள சொற்களையே கொள்க, அவற்றுக்கு அளவு மட்டும் வகுக்க. இரண்டு: பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என வழிவழி வருவனவற்றை அப்படியே கொள்க. தொடக்க மாணவன் நாளும் எதிர்கொள்ளும் பத்துப் பன்னிரண்டு தனிமங்களுக்கு ஒவ்வொரு பெயரே நிலைபெறச் செய்க. மூன்று: ஆளின் பெயராலும் ஊரின் பெயராலும் அமைந்தவற்றை மொழிபெயர்க்க முயலற்க. இன்றுவரை அறியப்பட்ட 118 தனிமங்களுள் 2016-இற் பெயர் பெற்ற நான்கும் அத்தகையனவே. கியூரி அம்மையாரின் பெயரை மொழிபெயர்ப்பார் உண்டோ? அவற்றைத் தமிழ் ஒலிமரபுக்கு இயைய எழுதினாற் போதும். நான்கு: தனிமத்தின் பெயர், அஃது உறுப்பாக நிற்கும் சேர்மத்தின் பெயரிலும் இசைந்து வருகின்றதா என்று பார்க்க.

நான்காவது வரையறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. கரி நன்றாய் எரிந்தால் ஒரு கரிமத்தொடு இரண்டு உயிரகம் கூடும். அது கரிம ஈருயிரகம். காற்றுப் போதாமல் எரிந்தால் ஒன்றே கூடும். அது கரிம ஓருயிரகம். முன்னது நாம் வெளிவிடும் மூச்சில் உள்ளது. பின்னது மூடிய அறையில் ஆளையே கொல்வது. குருதி உயிரகத்தை ஏந்திச் செல்ல விடாமல் தடுப்பது. ஓர், ஈர் என்னும் இரு தமிழ் எண்ணடைகளுக்கிடையே வாழ்வும் சாவும் நிற்கக் காண்கிறோம். ஈழத்துப் பாடநூலார் தனிமப் பெயரை ஒலிபெயர்த்துக் கொண்டாராயினும் காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு எனத் தமிழ் எண்ணையே புணர்த்தனர், அயலெழுத்தையும் அகற்றினர். அத்துணிவை நாம் பாராட்டுவதோடு, ஓரடி மேலும் எடுத்து வைத்தல் வேண்டும்.

இஃது அறிவியலாசிரியர் பாடு, நமக்கென்ன என்று தமிழாசிரியர் ஒதுங்குவதும், இது தமிழாசிரியர் வீண்வேலை என்று அறிவியலாசிரியர் நகைப்பதும் இனி ஒழிக. துலாக்கோல் அறியாத சொல்லாக்கம் காற்றிற் கட்டிய கோட்டை. வேரறியாத அறிவியற் பாடம் மணலில் ஊன்றிய நாற்று. ஒவ்வோர் ஊரிலும் இவ்விரு ஆசிரியரும் ஒருநாள் மாலை ஒருங்கிருந்து, ஆறாம் வகுப்புப் பாடநூலை விரித்து, பிள்ளைக்குத் திறவாத சொற்களைக் குறித்தெடுத்தாலே பாதிப்பணி முடியும். மீதிப் பாதி, ஒருவர் ஆக்கிய நல்ல சொல்லை மற்றவர் தம் சொல்லினும் மேலாக ஏற்கும் பெருந்தன்மை. அப் பெருந்தன்மை நம்மிடம் இல்லையாயின், எத்துணைச் சொற்களை ஆக்கி என்ன? நம் பிள்ளைகள் அயற்சொற்களை நெட்டுருப் போட்டுக்கொண்டேயிருப்பர். தமிழில் அறிவியல் இயலாது என்பாரின் வாய்க்கு நாமே அவல் இட்டவராவோம்.